40வது பத்தி

1973 அக்டோபர் 6, சனிக்கிழமை காலை. சூயஸ் கால்வாயின் மேற்குக் கரையில் எகிப்துச் சிப்பாய்கள் சிலர் தலைக்கவசம்கூட இல்லாமல் உலாவிக்கொண்டிருந்தார்கள். சிலர் தூண்டில் போட்டார்கள், சிலர் ஆரஞ்சுப் பழம் உரித்துத் தின்றார்கள். எதிர்க்கரை இஸ்ரேலியக் காவலர்கள் பார்க்கட்டும் என்று மேலிட உத்தரவின்படி நடந்த சோம்பல் அது. பிற்பகல் 2 மணியளவில் பீரங்கிகள் முழங்கின. முதல் அலையில் ஆயிரக்கணக்கானோர் ரப்பர் படகுகளில் கால்வாயைக் கடந்தார்கள். வடக்கே கோலான் குன்றுகளில் சிரியாவும் பாய்ந்தது.

எதிரியின் நினைப்போடு விளையாடும் இந்த வேலைக்கு இன்றைய பெயர் ‘காக்னிடிவ் வார்ஃபேர்’, அதாவது சிந்தனைப் போர். நேட்டோ சில ஆண்டுகளாக இதைத் தீவிரமாக ஆராய்கிறது. சீன ராணுவம் 2003-லேயே பொதுக்கருத்து, உளவியல், சட்டம் மூன்றையும் போர்முறைகளாக ஏற்றது. நாமோ இந்தப் பேச்சை எடுத்தாலே வாட்ஸ்அப் வதந்தி, டீப்ஃபேக் வீடியோ என்று போய்விடுகிறோம். அதெல்லாம் இந்தப் போரின் ஒரு மூலைதான். முடிவெடுக்கிற நாலைந்து பேர் ஏற்கெனவே எதை நம்புகிறார்கள் என்று கண்டுபிடித்து, அந்த நம்பிக்கைக்குத் தீனி போடுவதுதான் கைதேர்ந்த வேலை.

இஸ்ரேல் ராணுவ உளவுத்துறையான அமானுக்கு ஒரு கணக்கு இருந்தது. நீண்டதூரக் குண்டுவீச்சு விமானங்களோ ஸ்கட் ஏவுகணைகளோ கைக்கு வராமல் எகிப்து போருக்கு வராது. எகிப்து வராமல் சிரியா வராது. ஆதாரமில்லாத கணக்கல்ல. எகிப்துக்குள்ளிருந்தே கிடைத்த நல்ல தகவல்கள் அதற்குப் பின்னால் இருந்தன. ஆனால் 1972 அக்டோபரில் எகிப்து அதிபர் அன்வர் சதாத் முடிவை மாற்றிக்கொண்டார். இருக்கிற ஆயுதத்தோடு கால்வாயைக் கடந்து கொஞ்சம் நிலம் பிடித்தாலே போதும் என்றார். கெய்ரோவில் எண்ணம் மாறிய பிறகும் டெல் அவிவில் பழைய கணக்கே ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குச் சதாத் தீனி போட்டுக்கொண்டே இருந்தார். படைகள் கூடும், பயிற்சி நடக்கும், கலையும். 1973 மே மாதம் அப்படிக் கூடியபோது இஸ்ரேலின் தலைமைத் தளபதி டேவிட் எலாசர் படைகளை ஆயத்தம் செய்தார். அமான் தலைவர் எலி செய்ரா போர் வராது என்றார். வரவில்லை. செலவுதான் மிச்சம், செய்ராவின் மதிப்பு ஏறியது. ‘புலி வருது’ கதையில் சிறுவன் பொய் சொல்கிறான். இங்கே புலியே வந்து வந்து திரும்பிப் போனது.

செப்டம்பர் 25 அன்று ஜோர்டான் மன்னர் ஹுசைன் இஸ்ரேல் பிரதமர் கோல்டா மெயரை நேரில் சந்தித்து எச்சரித்தார். தெற்குக் கட்டளையகத்தில் லெப்டினன்ட் பெஞ்சமின் சிமான்-டோவ் என்ற இளம் உளவு அதிகாரி அக்டோபர் 1, 3 தேதிகளில் இரண்டு அறிக்கைகள் எழுதினார்: எதிரே நடப்பது பயிற்சியல்ல, போருக்கான போர்வையாக இருக்கலாம். பயிற்சிதான் என்று தலைமையகமே சொல்லியிருந்ததால் மேலதிகாரி அவற்றை மேலே அனுப்பவில்லை. சோவியத் நிபுணர்களின் குடும்பங்கள் எகிப்திலிருந்தும் சிரியாவிலிருந்தும் அவசரமாக விமானம் ஏறின. அக்டோபர் 5 அன்று அமான் தந்த அறிக்கை, எகிப்துப் படை எங்கெங்கே எப்படி நிற்கிறது என்று பத்தி பத்தியாக விவரித்தது. தாக்குதலுக்கான அறிகுறிகள் தெரிவதையும் ஒப்புக்கொண்டது. ஆனாலும் போருக்கான வாய்ப்பு குறைவு என்றது அதன் 40வது பத்தி. தகவல் கிடைக்காமல் ஏமாந்தவர்களை மன்னிக்கலாம். இவர்கள் தகவலைத் தங்கள் கையாலேயே எழுதிவிட்டு நம்ப மறுத்தவர்கள்.

பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். 2, 4, 6 என்ற வரிசையின் விதி என்ன? வேறு வரிசைகளைச் சொல்லிப் பார்க்கலாம், சரியா தவறா என்று பதில் கிடைக்கும். பலர் 8, 10, 12 என்றார்கள். சரி. 20, 22, 24? அதுவும் சரி. இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று அடித்துச் சொன்னார்கள். உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவே. தன் ஊகத்தை உடைத்துப் பார்க்க 1, 2, 3 என்று கேட்கத் தோன்றியவர்கள் குறைவு. அமானும் 8, 10, 12 என்றே கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் போரில் இஸ்ரேல் 2,600-க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. எகிப்து, சிரியா தரப்பில் சாவு அதைவிடப் பல மடங்கு. அக்ரநாத் விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு எலாசரும் செய்ராவும் பதவி இழந்தார்கள், கோல்டா மெயர் விலகினார். அமானுக்குள் எதிர்வாதம் செய்வதற்கென்றே ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. நல்ல யோசனைதான். ஆனால் எதிர்த்துப் பேசுவதே ஒருவருக்குச் சம்பள வேலையாகிவிட்டால், ‘அவர் அப்படித்தான் சொல்வார்’ என்று கோப்பை மூடிவிடுவதும் எளிது.

ஐம்பது ஆண்டும் ஒரு நாளும் கழித்து, 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கியது. இம்முறை கணக்கு வேறு: ஹமாஸ் அடங்கிவிட்டது, அதற்குக் காசாவை ஆள்வதில்தான் அக்கறை. 2022 ஆகஸ்டிலும் 2023 மேயிலும் இன்னொரு பாலஸ்தீன அமைப்பான இஸ்லாமிய ஜிஹாத் இஸ்ரேலோடு மோதியபோது ஹமாஸ் ஒதுங்கி நின்று இந்தக் கணக்கை உறுதிசெய்தது. அதன் தாக்குதல் திட்டம் ஓராண்டுக்கு முன்பே இஸ்ரேலின் கையில் இருந்ததை ‘நியூயார்க் டைம்ஸ்’ பின்னர் வெளிக்கொணர்ந்தது. ஹமாஸால் இதெல்லாம் முடியாது என்று அதிகாரிகள் ஒதுக்கியிருந்தார்கள். காசா எல்லையருகே நஹல் ஓஸ் ராணுவ முகாமில் கேமராத் திரைகளைப் பார்ப்பதே வேலையாக இருந்த இளம்பெண் சிப்பாய்கள், வேலியருகே நடக்கும் ஒத்திகைகளைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அன்று காலை அவர்களில் பலர் அந்த முகாமிலேயே கொல்லப்பட்டார்கள். சிலர் பிணைக்கைதிகளாக இழுத்துச் செல்லப்பட்டார்கள். ஹமாஸ் பெரிய போரை விரும்பவில்லை என்ற நம்பிக்கையைப் பல ஆண்டுகளாக யாரும் சரியாகக் கேள்வி கேட்கவில்லை என்று 2025 பிப்ரவரியில் ராணுவத்தின் சொந்த விசாரணையே ஒப்புக்கொண்டது.