பொறிச் சோதனை விளக்கு

பொறிச் சோதனை விளக்கு அல்லது செக் எஞ்சின் விளக்கு என்பது, மகிழுந்தின் முகப்புப் பலகையில் பொறியின் உருவம் கொண்டு மஞ்சள் நிறத்தில் ஒளிரும் எச்சரிக்கை விளக்கு ஆகும். பொறியை இயக்கும் கணினி, புகை மாசைக் கூட்டக்கூடிய ஒரு பழுதைக் கண்டறிந்து தன் நினைவகத்தில் குறியீடாகப் பதிந்துள்ளது என்பதே இவ்விளக்கு எரிவதன் பொருள். எந்த உறுப்பை மாற்ற வேண்டும் என்பதை இவ்விளக்கோ அக்குறியீடோ கூறுவதில்லை. இவ்வேறுபாட்டை அறியாமையால், பழுதற்ற உணரிகளும் விலை மிகுந்த வினையூக்க மாற்றிகளும் வீணாக மாற்றப்படுவது உண்டு. எளிய கருவி ஒன்றின் துணையுடன் வீட்டிலேயே முதற்கட்டப் பழுதறிதலைச் செய்ய இயலும்.

வரலாறு

கார்புரேட்டர் கொண்ட பழைய பொறிகளில் எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவு பெரும்பாலும் பொறிமுறையால் அமைந்தது. புகையில் எஞ்சும் ஆக்சிசனை அளந்து அதற்கேற்ப எரிபொருளைத் திருத்தும் உணரியை செருமனியின் பாசு நிறுவனம் உருவாக்கியது. 1976 இல் அமெரிக்காவில் விற்கப்பட்ட வோல்வோ மகிழுந்துகளில் இது முதலில் பொருத்தப்பட்டது. கலிபோர்னியா மாநிலம் 1988 ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து, பழுதைத் தானே அறியும் அமைப்பைக் கட்டாயமாக்கியது. எல்லா நிறுவன வண்டிகளுக்கும் ஒரே செருகியும் ஒரே குறியீட்டு முறையும் கொண்ட ஓபிடி-2 அமைப்பு, 1996 ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து அமெரிக்கா முழுவதும் கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் மகிழுந்துகளுக்கு 2001 முதல் இத்தகைய அமைப்பு தேவைப்பட்டது.

இந்தியாவில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் மகிழுந்துகளுக்கு வினையூக்க மாற்றி கட்டாயமானது. ஈயம் வினையூக்கியைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் உடன் வந்தது. 2000 பெப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. பாரத் நிலை-4 விதிகள் 2010 ஏப்ரல் 1 அன்று சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் நடைமுறைக்கு வந்து, 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பரவின. இவ்விதிகளின் கீழ் 2010 முதல் ஓபிடி-1, 2013 முதல் ஓபிடி-2 ஆகிய கட்டங்கள் தேவைப்பட்டன. பாரத் நிலை-6 விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. இவற்றால் இருசக்கர வண்டிகளிலும் இவ்விளக்கு பொதுவானது.

செயற்படும் முறை

காற்றின் அளவு, குளிர்நீரின் வெப்பநிலை, வணரித்தண்டின் நிலை, புகையிலுள்ள ஆக்சிசன் ஆகியவற்றை உணரிகள் அளந்து கணினிக்கு அனுப்புகின்றன. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடை அளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. கலவை இவ்விகிதத்திலிருந்து விலகும்போது கணினி எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்கிறது. இத்திருத்தம் எரிபொருள் திருத்த விழுக்காடு எனப்படும்.

ஒரு முறை மட்டும் நேர்ந்த பிறழ்வுக்காக விளக்கு பெரும்பாலும் எரிவதில்லை. பல பழுதுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் காணப்பட்டால்தான் விளக்கு எரியும். அதன்பின் பழுது மூன்று ஓட்டங்களில் தொடர்ந்து தோன்றாவிடில் விளக்கு தானே அணையும். குறியீடு மட்டும் மேலும் சில காலம் நினைவகத்தில் இருக்கும்.

விளக்கின் நிலைகள்

* சாவியைத் திருப்பியதும் எரிந்து, பொறி இயங்கத் தொடங்கியதும் அணைதல்: இது இயல்பு நிலை. சாவியைத் திருப்பியும் எரியாவிடில் விளக்கு பழுதாகியிருக்கலாம் அல்லது பழுதை மறைக்க நீக்கப்பட்டிருக்கலாம். பழைய வண்டி வாங்குவோர் இதனை முதலில் நோக்க வேண்டும்.
* தொடர்ந்து எரிதல்: பழுது பதிவாகியுள்ளது. வண்டி இயல்பாக ஓடினால் மெதுவாக ஓட்டிச்சென்று சோதிக்கலாம்.
* விட்டுவிட்டு ஒளிர்தல்: உருளைகளில் எரிதல் தவறுகிறது. எரியாத எரிபொருள் வினையூக்க மாற்றியினுள் எரிந்து அதனை உருக்கிவிடக்கூடும். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும்.

எண்ணெய் அழுத்தம், பொறியின் மிகைவெப்பம் ஆகியவற்றைக் காட்டும் சிவப்பு விளக்குகள் வேறானவை. அவை எரிந்தால் பொறியை உடனே நிறுத்த வேண்டும்.

வீட்டில் பழுதறிதல்

ஓட்டுநர் பக்கத்து முகப்புப் பலகையின் கீழ்ப்புறம் 16 முனைகள் கொண்ட செருகி இருக்கும். இதில் பொருத்தப்படும் சிறிய கருவி, புளூடூத் அல்லது வைஃபை வழியாகக் கைப்பேசிச் செயலியுடன் இணையும். இத்தகைய கருவிகள் பல, கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்சு நிறுவனம் உருவாக்கிய இஎல்எம்327 சில்லையோ அதன் படிகளையோ கொண்டவை. 2010 க்கு முந்தைய வண்டிகள் சிலவற்றில் செருகி இருந்தும் கருவி பயன்படாமற் போகலாம்.

# எரிபொருள், எண்ணெய், குளிர்நீர் ஆகியவற்றின் அளவையும், மின்கல முனைகளின் இறுக்கத்தையும் முதலில் பார்க்க வேண்டும். பொறி நிற்கும்போது மின்கலத்தில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டு இருத்தல் நன்று. மின்னழுத்தம் குறைந்தால் தொடர்பற்ற பல குறியீடுகள் ஒருங்கே தோன்றக்கூடும்.
# கருவியைப் பொருத்தி, சாவியைத் திருப்பி, எல்லாக் குறியீடுகளையும் எழுதிக்கொள்ள வேண்டும்.
# பழுது பதிவான கணத்தில் இருந்த வேகம், வெப்பநிலை, பொறிச்சுமை ஆகியவற்றைக் கணினி சேமித்திருக்கும். அழிக்கும் முன் அவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.
# குறியீடு சுட்டும் பகுதியின் கம்பிகள், இணைப்பிகள், காற்றுக் குழாய்கள் ஆகியவற்றைக் கண்ணால் ஆராய வேண்டும்.
# உறுப்பை மாற்றும் முன், அதுதான் பழுது என்பதை ஒரு சோதனையால் உறுதிசெய்ய வேண்டும்.

மூடிய கொட்டகையினுள் பொறியை இயக்கிச் சோதித்தல் கூடாது. புகையிலுள்ள கார்பனோராக்சைடு மணமற்றது, உயிரைப் பறிக்கக்கூடியது.

குறியீட்டின் அமைப்பு

குறியீடு ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்டது. பி என்பது பொறியையும் பல்லிணைப் பெட்டியையும், சி என்பது அடிச்சட்டகத்தையும், பி ஒலியுடைய மற்றோர் ஆங்கில எழுத்து வண்டியின் உடற்பகுதியையும், யு என்பது கணினிகளுக்கிடையேயான தொடர்பையும் குறிக்கும். முதல் இலக்கம் 0 எனில் அது அனைத்து நிறுவனங்களுக்கும் பொதுவானது. 1 எனில் அந்த நிறுவனத்திற்கே உரியது. பொறிக் குறியீடுகளில் இரண்டாம் இலக்கம் 3 எனில் எரிதல் தவறுதல் தொடர்பானது. 4 எனில் புகைக் கட்டுப்பாட்டுத் துணை அமைப்புகள் தொடர்பானது.

எடுத்துக்காட்டுகள்

பி0301: முதல் உருளையில் எரிதல் தவறுகிறது. ஒவ்வோர் உருளைக்கும் தனிச் சுருள் இருப்பின், பொறியை நிறுத்தி முதல் உருளையின் சுருளை மூன்றாம் உருளையின் சுருளுடன் இடம் மாற்றலாம். குறியீடு பி0303 ஆக மாறினால் பழுது சுருளில் உள்ளது. மாறாவிடில் ஸ்பார்க் பிளக், எரிபொருள் தெளிப்பி, உருளையின் அழுத்தம் ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

பி0171: கலவையில் எரிபொருள் குறைவு. பலர் உடனே ஆக்சிசன் உணரியை மாற்றுகின்றனர். ஆனால் உணரி உண்மையையே கூறியிருக்கக்கூடும். எரிபொருள் திருத்தம் பொறி வெறுமையாக ஓடும்போது மிகுந்தும், நிமிடத்திற்கு 2500 சுழற்சிகளில் குறைந்தும் காணப்பட்டால், கணக்கில் வராத காற்று விரிசலுற்ற குழாய் வழியே புகுகிறது எனக் கொள்ளலாம். சுமை கூடும்போது திருத்தமும் கூடினால் எரிபொருள் எக்கி, வடிகட்டி அல்லது அழுக்கேறிய காற்றளவு உணரியை ஐயுற வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தேவையான காற்று சற்றுக் குறைவு என்பதால், அதற்கென வடிவமைக்கப்படாத வண்டிகளில் இத்திருத்தம் சில விழுக்காடு உயர்வது எதிர்பார்க்கத்தக்கதே.

பி0420: வினையூக்க மாற்றியின் திறன் குறைவு. மாற்றிக்கு முன்னுள்ள உணரியின் மின்னழுத்தம் பொதுவாக 0.1 முதல் 0.9 வோல்ட்டு வரை ஏறி இறங்கும். பின்னுள்ளது ஏறத்தாழ நிலையாக இருக்கும். பின்னுள்ளதும் முன்னதைப் போலவே ஏறி இறங்கினால் மாற்றி செயலிழந்திருக்கலாம். எனினும், புகைக்குழாயில் கசிவு இல்லை என்பதையும், மாற்றியைக் கெடுத்த எரிதல் தவறு அல்லது எண்ணெய் எரிதல் தொடரவில்லை என்பதையும் உறுதிசெய்த பின்னரே புதிய மாற்றி வாங்க வேண்டும். மூலக் காரணம் நீங்காவிடில் புதியதும் கெடும்.

கடற்கரைப் பகுதிகளில்

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளங்கள், கிழக்குக் கடற்கரைச் சாலை ஆகிய இடங்களில் நாள்தோறும் ஓடும் வண்டிகளில் உப்புப் படிவால் அரிப்பு விரைகிறது. திண்டிவனம் – புதுச்சேரி நெடுஞ்சாலையில் கடலிலிருந்து உள்ளே அமைந்த கிளியனூர் போன்ற ஊர்களின் வண்டிகளும் கரையோரம் சென்று திரும்புபவையே. உப்பு ஈரத்தை ஈர்த்து வைப்பதால், இணைப்பிகளின் முனைகளில் பச்சை அல்லது வெண்ணிறப் படிவு தோன்றி மின்தடை கூடும். உணரியின் மின்னழுத்தம் சில நூறு மில்லிவோல்ட்டு மாறினாலும் கணினி அதனைப் பழுதெனக் கொள்ளக்கூடும். ஆகவே இப்பகுதிகளில் உணரியை மாற்றும் முன், மின்கலத்தின் எதிர்முனைக் கம்பி பொறியுடனும் உடலுடனும் இணையும் இடங்களைத் தேய்த்து இறுக்குவதும், இணைப்பிகளை மின்தொடர்புத் தூய்மிப்பியால் கழுவி உலர்த்துவதும் பயன் தரும்.

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயலால் விழுப்புரம் மாவட்டத்தில் பெரும் வெள்ளம் ஏற்பட்டது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் குறியீட்டைப் படிப்பதற்காகக்கூடச் சாவியைத் திருப்புதல் கூடாது. உருளையினுள் நீர் புகுந்திருப்பின், நீர் அழுந்தாத தன்மையுடையது என்பதால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுப் பணிமனைக்கு இழுத்துச் செல்வதே முறை.

குறியீட்டை அழித்தல்

கருவியால் குறியீட்டை அழிப்பதாலோ மின்கலத்தைக் கழற்றுவதாலோ பழுது நீங்குவதில்லை. அழித்தவுடன் கணினியின் தற்சோதனைப் பதிவுகளும் நிறைவுறாத நிலைக்குத் திரும்புகின்றன. அவை மீண்டும் நிறைவுறப் பல வகை ஓட்டங்கள் தேவை. விற்பனைக்கு வந்த பழைய வண்டியில் விளக்கு அணைந்திருந்தும் பெரும்பாலான தற்சோதனைகள் நிறைவுறாமல் இருந்தால், குறியீடு அண்மையில் அழிக்கப்பட்டிருக்கலாம் அல்லது மின்கலம் கழற்றப்பட்டிருக்கலாம். அத்தகைய வண்டியைச் சில நாட்கள் ஓட்டியபின் மீண்டும் சோதித்து வாங்குதல் நன்று. பழுது நீக்கிய பிறகும் இதே முறையில், தற்சோதனைகள் நிறைவுற்று விளக்கு எரியாதிருப்பதே சீர்செய்தல் வெற்றி பெற்றதற்கான சான்று ஆகும்.