குளிரிற் பிறக்கும் எக்ஸ் கதிர்

மலையிற் புகை எழக் கண்டவன் ஆங்கே தீ உண்டெனத் துணிவது, அனுமானத்துக்குத் தருக்கநூலார் காட்டும் எடுத்துக்காட்டாகும். கண்டது புகையன்று, பனிமூட்டமே எனின் அத்துணிவு வழுப்படும். விண்ணில் எக்ஸ் கதிரை ஆராய்ந்த வானியலார்க்கு இத்தகைய ஐயமொன்று இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. அஃது எழுந்த வகையும் தீர்ந்த வகையும் அறிந்து இன்புறத்தக்கன.

ஒரு பொருளின் வெப்பநிலை உயருந்தோறும் அது வீசும் ஒளியின் சத்தியும் உயரும். கொல்லனுலையில் இரும்பு முதலிற் செந்நிறமாகிப் பின் வெண்மை அடைதல் கண்கூடு. வெப்பநிலை 10 இலட்சம் பாகை அளவினை எட்டிய வாயு, கண்ணுக்குப் புலனாகாத எக்ஸ் கதிரை வீசும். ஞாயிற்றைச் சூழ்ந்துள்ள முடி என்னும் மெல்லிய வளிமண்டலமும், வெடித்துச் சிதறிய விண்மீன்களின் எச்சங்களும் இவ்வாறே எக்ஸ் கதிர் தருகின்றன. ஆகவே, வானில் மென்மையான எக்ஸ் கதிர் பரந்து தோன்றுமிடத்துப் பெருவெப்ப வாயு உண்டெனக் கொள்வது வழக்காயிற்று.

இவ்வழக்கினை அசைத்தது ஒரு வால்வெள்ளி. 1996 ஆம் ஆண்டு சனவரியில் யப்பானியரான யூஜி ஹயகுத்தாக்கே கண்டுபிடித்த அவ்வால்வெள்ளி, மார்ச்சு 25 ஆம் நாள் பூமியிலிருந்து ஏறக்குறைய 1½ கோடி கிலோமீற்றர் தூரத்திற் சென்றது. வால்வெள்ளியின் கரு, பனிக்கட்டியும் தூசும் செறிந்த குளிர்ப்பொருள். அது ஞாயிற்றை அணுகும்போது நீராவி முதலிய வாயுக்கள் எழுந்து அதனைச் சூழும். அங்கே 10 இலட்சம் பாகை வெப்பத்தைத் தேடுவார் எவருமிலர். எனினும் கேரி லிஸ் முதலானோர் அம்மாத இறுதியில் றோசாற் என்னும் எக்ஸ் கதிர்ச் செய்மதியை அதனை நோக்கித் திருப்பினர். எதிர்பார்த்ததிலும் 100 மடங்களவு மிகுந்த எக்ஸ் கதிர் புலனாயிற்று. அது கருவிலிருந்தும் வரவில்லை. கருவின் ஞாயிற்றுப் பக்கத்தே பிறைவடிவிற் பரந்திருந்தது. றோசாற்றின் பழைய பதிவுகளை மீளத் தேடியபோது, வேறு வால்வெள்ளிகளும் எக்ஸ் கதிர் வீசியமை தெரியவந்தது.

ஞாயிற்றின் எக்ஸ் கதிரே வால்வெள்ளியிற் பட்டுத் தெறிக்கின்றது போலும் எனக் கருதிப் பார்த்தனர். கணிப்பில் அது போதாதெனக் கண்டனர். 1997 இல் அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோமஸ் கிறேவன்ஸ் பொருத்தமான விளக்கத்தைத் தந்தார். ஏற்றப் பரிமாற்றம் என்னும் நிகழ்ச்சியே அதற்கு அடிப்படை.

ஞாயிற்றின் முடியிலிருந்து செக்கனுக்கு 400 கிலோமீற்றர் அளவான வேகத்தில் ஞாயிற்றுக் காற்று ஓயாது வீசுகின்றது. அதிற் பெரும்பகுதி புரோத்தன்கள், சிறுபகுதி ஈலியம், காபன், நைதரசன், ஒட்சிசன் முதலிய பார அணுக்கள் ஆயிரத்தில் ஒரு பங்களவே. முடியின் கடுவெப்பத்தால் இப்பார அணுக்கள் தம் இலத்திரன்களிற் பலவற்றை இழந்து அயன்களாக வெளியேறும். எட்டு இலத்திரன்களையுடைய ஒட்சிசன் ஆறையோ ஏழையோ இழந்திருக்கும். வெளியில் அணுக்கள் மிக அருகியே உள்ளமையால், இழந்தவற்றை வழியிற் பெறுதல் அரிது. வால்வெள்ளியின் வாயுவுள் நுழைந்ததும் நிலைமை மாறும். நடுநிலையான மூலக்கூறு ஒன்றை நெருங்கும் அயன் அதன் இலத்திரனொன்றைக் கவரும். கவரப்பட்ட இலத்திரன் அயனின் உயர்ந்த சத்திப் படியொன்றில் முதலில் அமர்ந்து, பின் படிப்படியாக இறங்கும். அடிப்படிக்கு வரும் இறக்கத்தில் வெளிப்படும் சத்தியே எக்ஸ் கதிராகின்றது. மேட்டில் ஏற்றித் தேக்கிய நீர், பள்ளம் கண்டவிடத்துப் பாய்வது போல்வது இது. ஏற்றியது ஞாயிற்றின் வெப்பம். பாய்வதோ கோடிக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால், குளிரிடத்தில்.

இவ்விளக்கம் மெய்யாயின் அதற்கு அடையாளம் இருத்தல் வேண்டும். ஒவ்வோர் அயனும் தனக்குரிய சத்தி அளவுகளில் மட்டுமே கதிர் வீசுவதால், அவை நிறமாலையிற் கோடுகளாய்த் தோன்றும். தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கி 1999 இல் ஏவப்பட்ட சந்திரா தொலைகாட்டி, 2000 ஆம் ஆண்டு யூலையில் லீனியர் என்னும் வால்வெள்ளியை நோக்கியது. ஒட்சிசன், நைதரசன் அயன்களுக்குரிய கோடுகள் ஆங்கே புலப்பட்டன. கோடுகளின் உறுதியை ஒப்பிடுவது இன்னும் நுண்ணிய சோதனையாகும். ஆறு இலத்திரன்களை இழந்த ஒட்சிசன் வெப்ப வாயுவில் இருப்பின் 574 இலத்திரன் உவோற்றிலுள்ள கோடு மேலோங்கும்; ஏற்றப் பரிமாற்றத்திற் பிறந்ததாயின் 561 இலத்திரன் உவோற்றிலுள்ள கோடு மேலோங்கும். புகையையும் பனியையும் வேறுபிரிக்கும் குறி இதுவே.

ஆயின், ஏற்றப் பரிமாற்றம் வால்வெள்ளிகளோடு முடிவதன்று. பூமியின் வளிமண்டலத்துக்கு வெளியே நெடுந்தூரம் ஐதரசன் அணுக்கள் பரந்துள்ளன. விண்மீன்களுக்கிடைப்பட்ட வெளியிலிருந்து ஐதரசனும் ஈலியமும் ஞாயிற்றுத் தொகுதியுட் புகுந்து பாய்கின்றன. இவற்றோடும் ஞாயிற்றுக் காற்று கலக்கின்றது. எனவே பூமியருகிலிருந்து நோக்கும் எக்ஸ் கதிர்த் தொலைகாட்டி எதுவும் இம்மெல்லொளியினூடாகவே நோக்குகின்றது. 1990 இல் றோசாற் எடுத்த சந்திரனின் படத்தில் இருட்பகுதியிலிருந்தும் எக்ஸ் கதிர் வருவதாய்த் தோன்றியது. அது சந்திரனிலிருந்து வந்ததன்று, பூமியைச் சூழ்ந்த ஐதரசனிலிருந்தே வந்தது என்பது 2001 இற் சந்திரா தொலைகாட்டி செய்த நோக்கல்களால் தெளிவாயிற்று.

இதனினும் பெரிய வினாவொன்று எஞ்சியது. வானெங்கும் மென்மையான எக்ஸ் கதிர் பரந்துள்ளது. பண்டு வெடித்த விண்மீன்களால் ஆகி, ஞாயிற்றுத் தொகுதியைச் சூழ நூற்றுக்கணக்கான ஒளியாண்டு விரிந்துள்ள வெப்ப வாயுக் குமிழியே அதற்குக் காரணம் என அறிஞர் கொண்டிருந்தனர். அக்கதிர் முழுவதும் அண்மையிலேயே பிறப்பதாயின் குமிழி வெறுங் கற்பனையாகிவிடும்.

இதனைத் தீர்க்க இயற்கையே ஒரு வாயிலைத் தந்தது. உட்புகும் ஈலியம் ஞாயிற்றின் ஈர்ப்பால் அதன் பின்புறத்தே கூம்பு போற் செறியும். பூமி ஆண்டுதோறும் டிசம்பர்த் தொடக்கத்தில் அதனூடு செல்லும். பரிமாற்றத்தாற் கதிர் பிறப்பது உண்மையாயின், ஈலியம் செறிந்த அத்திசையில் அது மிகுதல் வேண்டும். மியாமிப் பல்கலைக்கழகத்து மசிமிலியானோ கலியாசி தலைமையில் ஒரு குழுவினர் 2012 டிசம்பரில் நியூ மெக்சிக்கோவிலிருந்து உறொக்கற்று ஒன்றை ஏவினர். வளிமண்டலத்துக்கு மேலே சில நிமிடங்களே அது நோக்கியது. 2014 இல் முடிபு வெளிவந்தது. பால்வீதியின் தளத்திற் காணப்படும் கால் கிலோ இலத்திரன் உவோற்று அளவான கதிரில், நூற்றுக்கு 40 பங்களவு ஞாயிற்றுத் தொகுதிக்குள்ளேயே ஏற்றப் பரிமாற்றத்தாற் பிறக்கின்றது. எஞ்சியது வெப்பக் குமிழியினின்றே வருகின்றது.

ஆகவே, பழைய துணிபு முற்றும் பொய்யாகவில்லை. முற்றும் மெய்யாகவும் நிற்கவில்லை. மலையிற் கண்டதில் ஒரு பங்கு பனிமூட்டம், மறுபங்கு புகை, தீயும் ஆங்கே உண்டு. தொலைவிலுள்ள வாயுவை அளக்க விரும்புவோர் அண்மையிலுள்ள ஒளியை முதலிற் கணித்துக் கழித்தல் வேண்டும். ஒரு சிறு வால்வெள்ளியின் குளிர்வாயு வானியலார்க்குக் கற்பித்த பாடம் அது.