உங்களுக்குத் தெரியுமா? ஜெர்மனிக்குத் தங்கம், மலேசியாவுக்குப் பயிற்சி

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்கு ஹாக்கித் தங்கம் வாங்கித் தந்த பயிற்றுநர் பால் லிஸ்ஸெக், பிற்பாடு மலேசிய அணிக்குப் பயிற்றுநராக வந்தார். ஐஸ் ஹாக்கி அல்ல, திடல் ஹாக்கிதான். 2002 உலகக் கிண்ணம் கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் நடந்தபோது லிஸ்ஸெக்கின் மலேசியா எட்டாவது இடம். கிண்ணத்தைத் தட்டிச் சென்றது அவருடைய தாய்நாடு. இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவை 2-1 என வீழ்த்தியது.

ஜெர்மானியரோடு நமக்குப் பழைய கணக்கும் உண்டு. 1975 உலகக் கிண்ணமும் இதே கோலாலம்பூரில்தான். என். ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் ஆடிய மலேசியா, அரையிறுதியில் இந்தியாவைவிட 2-1 என முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. மாற்று ஆட்டக்காரராக வந்த அஸ்லாம் ஷேர் கான் கழுத்துத் தாயத்தை முத்தமிட்டுவிட்டு, பெனால்டி கார்னரை கோலாக்கினார். கூடுதல் நேரத்தில் இந்தியா 3-2 என வென்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் 0-4 தோல்வி. உலகக் கிண்ணத்தில் மலேசியா இன்றுவரை அந்த நான்காம் இடத்தைத் தாண்டவில்லை.