ஒன்பது இலக்கங்களில் ஒரு படகு

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆயினும் பதுளைச் சந்தையில் பலயா, கெலவல்லா என்று கேட்டு வாங்கப்படும் சூரை இன மீன்களைத் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் பலநாள் மீன்பிடிப் படகுகளுள் ஒன்று மூழ்குமானால், அது எந்தப் படகு என்பதைக் கரை எவ்வாறு அறிகிறது என்பது மலையக வாசகரும் அறியத்தக்கதே.

படகில் பொருத்தப்படும் இடர் அறிவிப்புக் கருவி, சில மீற்றர் ஆழத்துக்கு அமிழ்ந்ததும் நீரழுத்தத்தால் தாங்கியிலிருந்து கழன்று மேலெழுந்து, 406 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஏறத்தாழ 50 விநாடிக்கு ஒருமுறை செய்மதிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்ஸ் ஆகியன பனிப்போர்க் காலத்திலேயே கூடி உருவாக்கிய கொஸ்பாஸ்-சார்சாட் எனும் இத்திட்டத்தில், இலங்கைக்குரிய எச்சரிக்கைகள் பெங்களூர் நிலையத்தின் வழியாகக் கொழும்பை அடைகின்றன. அச்செய்தியில் நாட்டுக் குறியீடும் அடையாள எண்ணும் சில வேளைகளில் இருப்பிடமும் உண்டேயன்றி, படகின் நிறமோ, அதிலுள்ளோர் தொகையோ, உறவினரின் தொலைபேசி எண்ணோ இல்லை. அவற்றைப் பதிவேடே தரவேண்டும்.

எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை தவறுதலாக எழுபவை என்பதால், மீட்பு அலுவலர் முதலில் தொலைபேசியையே எடுக்கிறார். பேருவளைப் படகொன்று வாழைச்சேனைக்கு விற்கப்பட்டும் பதிவு திருத்தப்படாதிருந்தால், பழைய உரிமையாளர் “படகை விற்று நாளாகிறது” என்பார். உண்மை ஆபத்தாயின், புதியவரைத் தேடுவதிலேயே பொழுது கழியும்.

வானொலிக்கும் இதுவே பொருந்தும். மூடியைத் திறந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினால், வீ.எச்.எப். கருவி 70ஆம் அலைவரிசையில் தன் ஒன்பதிலக்க எண்ணை ஒலிபரப்பும். அதன் முதல் மூன்று இலக்கங்களான 417 இலங்கையைக் குறிக்கும். அக்கருவியைக் கழற்றி வேறு படகில் பூட்டுவோர் எண்ணை மாற்றாது விட்டால், துறைமுகத்தில் பத்திரமாக நிற்கும் பழைய படகே ஆபத்திலிருப்பதாகக் காட்டப்படும். வானொலி உரிமம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்துகை ஆணைக்குழுவினது, படகுப் பதிவு கடற்றொழில் திணைக்களத்தினது. ஆதலால் விற்பனை ஒன்றாயினும் திருத்தம் இரண்டு. சங்கமன்கண்டிக்கு அப்பால் 2020 செப்டெம்பர் 3 அன்று தீப்பற்றிய ‘நியூ டயமண்ட்’ போன்ற பெருங்கப்பல்களுக்கோ, பெயரும் கொடியும் மாறினும் மாறாத ஏழிலக்க எண் தனியே உண்டு.

கைவிடப்படும் இடர் அறிவிப்புக் கருவியின் மின்கலத்தை நீக்கிப் பதிவையும் இரத்துச் செய்தல் வேண்டும். பழைய இரும்புக் கடையில் தற்செயலாக இயங்கினும் செய்மதி அதனை மூழ்கும் படகின் குரலாகவே எடுத்துக்கொள்ளும்.