மறுபடியும் சைக்கிள் ஏறுகிறவர்களுக்கு

பள்ளிக்கூட நாட்களில் சைக்கிளே கதி என்று கிடந்து, பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஆனதும் அதை அடியோடு மறந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். நாற்பது தாண்டியதும் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. கிளினிக்கில் "கொஞ்சம் உடம்பை அசையுங்கள்" என்கிறார்கள். சரி, தெரிந்த விளையாட்டு அது ஒன்றுதானே என்று சைக்கிள் கடைக்குப் போனால், நாம் விட்டுப் போன சைக்கிளை அங்கே காணவில்லை. சக்கரம் பெரிதாகிவிட்டது. ஹேண்டில் அகலமாகிவிட்டது. முன்பக்கம் மூன்று பல்சக்கரம் இருந்த இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. விலையோ 800 ரிங்கிட்டில் தொடங்கி, ஒரு பழைய காரின் விலை வரை போகிறது.

எனக்கு வயது 43. ஈப்போவில் வேலை. வீட்டுக் கடன், கார் கடன், மகனின் டியூஷன் எல்லாம் போக, சைக்கிளுக்கு என்று நானும் மனைவியும் பேசி ஒதுக்கியது 2,500 ரிங்கிட். தலைக்கவசம், கையுறை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வாங்கியபின் அது வீட்டு முன்னால் துணி காயப்போடும் கம்பியாக மாறினால் என்ன நடக்கும் என்பதையும் மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

நான் புதிதாகப் பழகுகிறவன் இல்லை. இருபது வயதில் தோட்டத்துச் செம்மண் பாதையில் பெடல்மேல் எழுந்து நின்று இறங்கியவன், ஜம்போரி ஓட்டங்களிலும் கலந்துகொண்டவன். பந்தயக்காரனும் இல்லை. இந்த நடுத்தர ஆளுக்குத்தான் சைக்கிள் தேர்ந்தெடுப்பது கஷ்டம். புதியவருக்கான மலிவு சைக்கிளை வாங்கினால் மூன்றே மாதத்தில் அதன் குறைகள் கையில் தெரியும். தேர்ந்தவருக்கான சைக்கிள் நம் பைக்கும் எட்டாது, முழங்காலுக்கும் ஒத்துவராது. கை பழகியதை மறக்கவில்லை. மூச்சுதான் மறந்துவிட்டது.

கடையில் இருந்த தம்பி நல்லவர். நான் விலையைக் கேட்பதற்கு முன்பே, "அண்ணே, எங்க ஓட்டப் போறீங்க? அத முதல்ல சொல்லுங்க. வெள்ளிக் கணக்க அப்புறம் பார்ப்போம் லா" என்றார். நான் கேட்ட ஆலோசனைகளிலேயே உருப்படியானது அதுதான்.

நான் ஓட்டப் போவது பழைய தோட்டங்களில். பேராக்கில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கோப்பெங், பத்து காஜா, சுங்கை சிப்புட் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு காலத்தில் பால்மரம் நின்ற நிலம். இப்போது பெரும்பாலும் செம்பனை. சில இடங்களில் வீடமைப்புத் திட்டம். அங்கங்கே யாரும் வெட்டாத ரப்பர் மரங்கள் காடாகி நிற்கின்றன. என் பாட்டி பால் வெட்டிய நிரை இப்போது செம்பனைக்குள் போய்விட்டது. லயத்து வீடுகள் ஒன்றும் இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் தகரக் கூரையோடு நிற்கிறது. அதுவரை மகனையும் கூட்டிக்கொண்டு சைக்கிளில் போய்வர வேண்டும் என்பதுதான் என் கணக்கு. காரில் போக வழியில்லை, பாதை அவ்வளவு மோசம்.

இந்த மண்ணுக்கு எது தேவை? மழை பெய்தால் செம்மண் களியாகி டயரில் அப்பிக்கொள்ளும். செம்பனை மட்டையின் முள் டியூபைத் துளைக்கும். ரப்பர் மரத்து வேர் பாதையின் குறுக்கே கிடக்கும். பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்ந்தால் வேர் எங்கே, குழி எங்கே என்று கண்ணுக்கே தெரியாது. மேடு பெரிதாக இல்லை. ஆனால் சின்னச் சின்ன ஏற்றங்கள் வந்துகொண்டே இருக்கும். ஆகவே முன்பக்கம் மட்டும் அதிர்வுத்தாங்கி உள்ள மலைச் சைக்கிள் போதும், அதாவது கடைக்காரர்கள் 'ஹார்ட்டெயில்' என்று சொல்வது. பின்பக்கமும் தாங்கி வைத்த சைக்கிள் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். 2,500 ரிங்கிட்டுக்குள் புதிதாகக் கிடைப்பது எடை கூடியதாக இருக்கும், அதன் மூட்டுகளுக்குள் நம்மூர் மண் புகுந்தால் பராமரிப்புச் செலவும் கூடும். என் ஓட்டு அதற்கு இல்லை.

இனி, நாம் சைக்கிளை விட்டிருந்த காலத்தில் என்னென்ன மாறியது என்று பார்ப்போம். அப்போது மலைச் சைக்கிள் என்றாலே 26 அங்குலச் சக்கரம். இப்போது 27.5 அல்லது 29. பெரிய சக்கரம் வேர்மேல் இடிபடாமல் உருண்டு போகும். ஹேண்டில் அன்று 60 சென்டிமீட்டர் இருந்தது, இன்று 74 முதல் 78 வரை. முன்சக்கரம் இன்னும் தள்ளி, சாய்வாக நிற்கிறது. இறக்கத்தில் தலைகுப்புறத் தூக்கி எறியப்படுகிற பயம் இதனால் பெரிதும் குறைகிறது. நாற்பது வயதில் எலும்பு ஒட்ட எத்தனை வாரம் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த மாற்றம் ஒன்றுக்காகவே பழைய சைக்கிளைத் தூசி தட்டுவதைவிட புதிய வடிவத்துக்கு மாறலாம்.

கியர் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது. முன்னால் மூன்று பல்சக்கரத்தோடு 24, 27 கியர் என்று பெருமையடித்த தலைமுறை நாம். ஒன்றே ஒன்று போதுமா? காகிதத்தில் கணக்குப் போட்டேன். பழைய சைக்கிளில் ஆகச் சுலபமான கியர், முன்னால் 22 பல், பின்னால் 34 பல். அதாவது ஒரு மிதிக்குப் பின்சக்கரம் 0.65 சுற்று. இப்போதைய 11 கியர் சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 51. அது 0.63 சுற்று. ஏற்றத்துக்கு இது இன்னும் சுலபம்! இழப்பது உச்ச வேகத்தை மட்டும்தான். அன்று 44-க்கு 11, அதாவது 4 சுற்று. இன்று 32-க்கு 11, சுமார் 2.9 சுற்று. தோட்டத்துப் பாதையில் அந்த வேகம் யாருக்கு வேண்டும்? சங்கிலி கழன்று விழுவதும் குறைவு, மண் சிக்கும் இடமும் குறைவு.

பணத்தை எங்கே போடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிரேம் பளபளப்பில் ஏமாறாதீர்கள். சாதாரண அலுமினியம் போதும், கார்பன் வேண்டாம். முதலில் பாருங்கள் பிரேக். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக் இருக்க வேண்டும். மழையில், களிமண்ணில், ஒரு விரலால் பிடித்தாலும் நிற்கும். அடுத்தது முன் ஃபோர்க். மலிவு சைக்கிளில் உள்ளே இரும்புச் சுருள் இருக்கும். 55 கிலோ ஆளுக்கும் 85 கிலோ ஆளுக்கும் ஒரே சுருள். காற்றடைத்த ஃபோர்க்கில் நம் எடைக்கு ஏற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். சோதிப்பது எளிது. ஃபோர்க் குழாயில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, சைக்கிளில் மெதுவாக ஏறி உட்கார்ந்து இறங்குங்கள். 120 மில்லிமீட்டர் ஃபோர்க் என்றால் வளையம் 24 முதல் 30 மில்லிமீட்டர் வரை நகர்ந்திருக்க வேண்டும். அசையவே இல்லை என்றால் அது உங்களுக்காக வைத்த காற்று இல்லை.

மூன்றாவது, பலர் கவனிக்காதது, பின்சக்கரத்தின் நடுப்பகுதி. ஏழு கியர் மலிவு சைக்கிள்களில் பல்சக்கரக் கூட்டம் திருகி மாட்டப்பட்டிருக்கும். அந்த அமைப்பில் வலதுபக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால், கொஞ்சம் கனமான ஆள் குழியில் இறக்கினால் அச்சு வளையும். 'கேசட்' வகை என்றால் அந்தத் தொல்லை குறைவு. கடைக்காரரிடம் இதைக் கேட்டாலே உங்களுக்கு விஷயம் தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிடும், பேச்சின் தொனியே மாறும்.

கோணம், கியர் எல்லாம் சரி, அளவு சரியில்லை என்றால் எல்லாம் வீண். "சீட்டை இறக்கிக்கலாம்" என்று சொல்லி இருப்பில் உள்ளதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி நின்றால் பிரேம் குழாய்க்கும் உடம்புக்கும் இடையே நல்ல இடைவெளி வேண்டும். கடை வாசலில் பத்து நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள்.

புதிதா, பழையதா? இந்தோனேசியாவின் பொலிகான், தைவானின் ஜயண்ட், மெரிடா என்று நம் சந்தையில் நல்ல பெயர்கள் உண்டு. ஆனால் என் வரம்புக்குள் புதிய சைக்கிளில் நல்ல பிரேக் இருந்தால் ஃபோர்க் சுமார், ஃபோர்க் நன்றாக இருந்தால் சக்கரம் சுமார். ஆகவே பழையதைத் தேடினேன். ஆறு வாரம், ஏழு சைக்கிள். ஒன்றில் பிரேம் முன்குழாய்ப் பற்றவைப்புக்கு அடியில் முடி போல ஒரு விரிசல், அதன்மேல் ஒட்டுவில்லை. இன்னொன்றில் அடிப்பகுதி எண் சுரண்டப்பட்டிருந்தது. ரசீதும் இல்லை. திருட்டுச் சைக்கிளாக இருந்தால் நஷ்டம் பணத்தோடு போகாது. பழைய சைக்கிள் பார்க்கப் போனால் ஒரு டார்ச் விளக்கும் சங்கிலித் தேய்மான அளவுகோலும் எடுத்துப் போங்கள். சக்கரத்தைச் சுற்றி ஆட்டம் பாருங்கள். ஃபோர்க் குழாயில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் கீறல், கீறல் இருந்தால் எண்ணெய் கசியும். 26 அங்குலச் சக்கரம் என்றால் எவ்வளவு மலிவானாலும் யோசியுங்கள். அதற்கு நல்ல டயரும் ஃபோர்க்கும் கிடைப்பது வரவரக் கஷ்டம்.

மெங்லெம்புவில் ஒரு சீனப் பெரியவரிடம் கடைசியில் அமைந்தது. ஐந்து ஆண்டுப் பழசு, 29 அங்குலம், 120 மில்லிமீட்டர் காற்று ஃபோர்க், 11 கியர். மகள் வாங்கித் தந்ததாம், முதுகுவலியால் ஓட்டவில்லையாம். ரசீதை உறையோடு வைத்திருந்தார். 1,700 கேட்டார், 1,550-க்கு முடிந்தது. டயர், சங்கிலி, பிரேக் கட்டை, டியூப் இல்லாமல் ஓட்டும் ஏற்பாடு எல்லாம் 420. தலைக்கவசமும் கையுறையும் 280. தலைக்கவசத்தை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது. உள்ளே இருக்கும் நுரை ஒரே ஒரு அடியைத் தாங்கத்தான் செய்யப்பட்டது, ஏற்கெனவே அடிபட்டதா என்று வெளியில் தெரியாது. மொத்தம் 2,250. மீதி 250-இல் மகனுக்கு ஒரு தலைக்கவசமும் காற்றுப் பம்பும்.

டியூப் இல்லாத டயரைப் பற்றி ஒரு வார்த்தை. முள் குத்தினால் உள்ளே ஊற்றியிருக்கும் திரவம் ஓட்டையை அடைத்துவிடும். அந்தத் திரவம் பெரும்பாலும் இயற்கை ரப்பர் பால்தான். சில வகைகளில் கெட்டியாகாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள். தம்பி புட்டியைத் திறந்ததும் அந்த வாடை மூக்கில் ஏறியது. தோட்டத்தில் பால் நிறுக்கும் ஸ்டோருக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாடையை மறக்க முடியுமா? 1877-இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ காலத்தில் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. 11 ஆண்டுகள் கழித்து டன்லப் காற்றடைத்த சைக்கிள் டயரைக் கொண்டுவந்தார். சைக்கிளும் பிறகு காரும் கேட்ட ரப்பருக்காகத்தான் நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள். பாட்டி மங்கு மங்காகச் சேர்த்த பாலின் வாரிசை நான் புட்டிக்கு விலை கொடுத்து வாங்கி டயரில் ஊற்றுகிறேன்! நம்மூர் வெயிலில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், பார்த்து நிரப்ப வேண்டும்.

எங்கே ஓட்டலாம்? உடம்பைப் பழக்க மெங்லெம்பு பக்கம் கிளேடாங் மலைச் சாலை இருக்கிறது. சுமார் 800 மீட்டர் உயரம், உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம். முதல் மாதம் பாதியில் திரும்பினாலும் கேவலமில்லை. கோப்பெங்-பத்து காஜா சாலையில் கெல்லிஸ் காசல் வரை போனால், பக்கத்து மாரியம்மன் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். கூரைச் சிலைகளுக்கு நடுவே கெல்லி ஸ்மித்தும் நிற்கிறார். செம்பனைத் தோட்டங்கள் தனியார் நிலம். காவலரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். குலை ஏற்றும் லாரி வரும் நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். தனியாகப் போனால் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு இதுவரை நான்கு முறை போய்வந்துவிட்டோம். 75 கிலோ எனக்கு டயரில் காற்று 24 பிஎஸ்ஐ வைக்கிறேன். வேர் உள்ள பாதையில் அது போதும், தார்ச்சாலையில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். திரும்பி வந்ததும் ஃபோர்க் குழாயில் ஒட்டிய செம்மண்ணை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர் வேண்டாம், பேரிங்குக்குள் போய்விடும். அடுத்து மகனுக்கு ஒரு 27.5 பார்க்க வேண்டும். போன மாதம்தான் என் சைக்கிளில் அவனுக்குக் கால் எட்டியது.