ஓசை நிறைந்த இல்லமும் ஒளித்து வைத்த உறுதியும்



கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில் வீதியால் நடந்து சென்றால், வீடுகளின் உள்ளே நடப்பதெல்லாம் நம் காதில் விழும். அடுக்களையிலிருந்து உம்மாவின் அதட்டல், அடுத்த வீட்டு ராத்தாவின் மறுமொழி, பிள்ளைகளின் கூச்சல், மருமகனை உணவுக்கு அழைக்கும் குரல். மருதமுனைப் பக்கம் சென்றால், தறியுள்ள இல்லங்களில் கைத்தறியின் ஓசையும் இவற்றோடு சேர்ந்து கொள்ளும். இத்தகைய வீட்டில் மறைபொருள் என்று ஒன்று இருக்க முடியுமா என்று புதிதாக வருவோர் வியப்பதுண்டு. உண்மை வேறு. ஓசை மிகுந்த இல்லத்தில்தான் இரகசியம் நெடுங்காலம் தங்கியிருக்கிறது. எல்லோரும் பேசிக்கொண்டே இருப்பதால், எது பேசப்படவில்லை என்பதை எவரும் கவனிப்பதில்லை.

இது நமக்கு மட்டும் உரிய இயல்பன்று. 1880க்கும் 1920க்கும் இடையில் இத்தாலிய நாட்டிலிருந்து ஏறத்தாழ 40 இலட்சம் மக்கள் அமெரிக்கா சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் தென் இத்தாலிய ஏழைகள். பாட்டி முதல் பேரன் வரை ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து உரத்துப் பேசும் அவர்களது குடும்ப வாழ்வை 1987இல் வெளிவந்த ‘மூன்ஸ்ட்ரக்’ என்னும் திரைப்படம் நன்கு காட்டுகிறது. அதில் இரு சகோதரர்கள் ஐந்தாண்டுகளாகப் பேசுவதில்லை. தந்தையின் பிழை ஒன்றைத் தாய் அறிந்தும் வாய் திறவாதிருக்கிறாள். மகளுக்கும் ஓர் இரகசியம் உண்டு. இறுதியில் ஒரு காலை வேளையில் அனைவரும் சமையலறை மேசையைச் சுற்றிக் கூடுகின்றனர். மறைத்தவை ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. வீடு இடிந்து விழவில்லை, குடும்பம் ஒன்றாகிறது.

அவர்களுக்கு மேசை எப்படியோ, அப்படியே நமக்கு வளவு. கிழக்குக் கரையில் முஸ்லிம்களிடத்தும் தமிழர்களிடத்தும் குடி என்பது தாய்வழியாக வருவது. மகளுக்கு மணம் முடிக்கும்போது பெற்றோர் அவளுக்கு வீடு கொடுக்கின்றனர். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்கிறான். அடுத்த மகளுக்கு அதே வளவிலோ அருகிலோ வேறொரு வீடு எழும்புகிறது. இவ்வாறு அக்காளும் தங்கையும் அடுத்தடுத்த முற்றங்களில் வாழ்கின்றனர். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 2008இல் வெளியிட்ட நூலில் இம்முறையை விரிவாக விளக்கியுள்ளார்.

வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார் என்பது முதுமொழி. நம் பகுதியில் இவ்விரண்டும் ஒன்றே. மூன்று பெண்மக்களைப் பெற்றவன் மூன்று வீடுகள் கட்ட வேண்டும். ஆதலால் இங்குள்ள குடும்ப இரகசியங்களுள் பெரும்பாலானவை வீட்டையும் கடனையும் பற்றியவை. மூத்தவளின் வீட்டை ஈடு வைத்து இளையவளின் வீட்டுக்குக் கூரை போட்ட தந்தை உண்டு. வெளிநாட்டில் உழைத்த மகனின் பணம் எங்கே போயிற்று என்று சொல்லாத தாய் உண்டு. ஒரே நிலத்தை இருவருக்கு வாக்களித்தவரும் உண்டு. இவர்கள் வஞ்சகர்கள் அல்லர். அடுத்த மகளின் மணம் தடைப்படுமோ என்ற அச்சமும் ஊரார் முன் மானம் போகுமோ என்ற நாணமுமே இவர்களது வாயை அடைக்கின்றன.

பிறர் கதையைக் கூறி என் கதையை மறைத்தல் முறையன்று. என் தந்தையார் ஒரே வளவில் என் ராத்தாவுக்கும் தங்கைக்கும் இரு வீடுகள் கட்டினார். ராத்தாவுக்கு வளவில் பாதி என்று வாயால் சொல்லியிருந்தார், எழுதிக் கொடுக்கவில்லை. 1993இல் தங்கையின் திருமணம் பேசியபோது, மாப்பிள்ளை வீட்டார் முழு வளவையும் கேட்டனர். தந்தையார் முழுவதையும் தங்கையின் பெயருக்கு எழுதினார். காணி கைமாறுவதாயின் நொத்தாரிசு முன்னிலையில், குறைந்தது இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முதல் நிலவும் விதி. அந்தச் சாட்சிகளுள் ஒருவனாகக் கையொப்பமிட்டவன் நான். பிறகு சரிசெய்து கொள்வோம், உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் இப்போது தெரிய வேண்டாம் என்றார் தந்தையார். சரிசெய்யுமுன் அவர் காலமானார். நானோ பதினோராண்டுகள் வெள்ளிதோறும் ராத்தாவின் கையால் உணவுண்டேன், சொல்லவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். எங்கள் குடும்பத்தார் உயிர் தப்பினர். இரு வீடுகளும் போயின. வீடிழந்தோர் பட்டியல் எழுதப்பட்டபோது, காணி யாருடையது என்ற கேள்வி எழுந்தது. அன்றுதான் தன் பெயரில் ஒரு சாணிலமும் இல்லை என்பதை ராத்தா அறிந்தார். அந்நாட்களில் வேறொரு குழப்பமும் இருந்தது. வழிவழியாகப் பெண்ணுக்குரிய வீட்டுக்கு ஈடாகக் கட்டப்பட்ட புதிய வீடுகள் பல, குடும்பத் தலைவர் என்ற கணக்கில் கணவன் பெயருக்கு எழுதப்பட்டன. பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்துக் குரல் கொடுத்தன. எழுத்தில் இல்லாத உரிமை எவ்வளவு எளிதில் நழுவிவிடும் என்பதை இக்கரை முழுவதும் அன்று கண்டது.

எங்கள் வீட்டில் ஈராண்டுகள் அக்காளும் தங்கையும் பேசவில்லை. குடியின் பெரியவர்கள் வந்து பேசினர், பயனில்லை. நாங்கள் எல்லோரும் நிலத்தைப் பற்றியே பேசினோம். ஒரு பெருநாளுக்கு முந்திய இரவில், உம்மா எங்கள் மூவரையும் அடுக்களையில் இருத்திக் கதவைச் சாத்தினார். அப்போதுதான் ராத்தா மனத்தைத் திறந்தார். நிலம் போனது அவருக்குப் பெரிதன்று. தம்பி எல்லாம் அறிந்திருந்தும் தன்னை அறியாதவளாக வைத்து, தன் சோற்றையே உண்டானே என்பதுதான் அவரது புண். நான் அறிந்தே செய்தேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதன் பின்னரே தங்கை வாய் திறந்து, பாதி வளவை எழுதித் தருகிறேன் என்றாள். தந்தையார் கொடுத்த வாக்கு அடுத்த மாதம் நொத்தாரிசு முன் எழுத்தாயிற்று.

இதிலிருந்து நான் கற்றது யாதெனில், இணக்கம் என்பது பங்கு பிரிப்பதில் தொடங்குவதன்று. அறிந்தவன் தான் அறிந்திருந்ததை ஒப்புக்கொள்வதில் தொடங்குவது.

வீட்டுக்குள் முடியாதபோது நாடத்தக்க வழிகளும் உள்ளன. குடிகளின் சார்பில் பள்ளிவாசலில் பொறுப்பு வகிக்கும் மரைக்காயர்கள் நெடுங்காலமாகவே வழக்குகளைத் தீர்த்து வந்தவர்கள். கணவன் மனைவியரிடையே பிணக்கு நேர்ந்து, கணவன் மணவிலக்குக் கூற விரும்பிக் காதியாரிடம் அறிவித்தால், உறவினர், ஊர்ப் பெரியோர் துணையுடன் இருவரையும் இணங்கச் செய்ய முயல்வது காதியாரின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கூறுகிறது. காணி, கடன் போன்ற பிணக்குகளுக்கு, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் வழி அமைந்த மத்தியஸ்த சபைகள் உள்ளன. 1958இல் தோன்றி 1978இல் ஒழிக்கப்பட்ட இணக்க சபைகளுக்குப் பின்வந்தவை இவை. மத்தியஸ்தர் தீர்ப்பு வழங்குவதில்லை. இரு தரப்பாரும் தாமே உடன்படும் வரை பேசச் செய்கின்றனர். அங்கு உடன்பாடு எழுத்தில் வருகிறது என்பது பெரும் நன்மை.

ஆயினும் எந்தச் சபையும், நாமே சொல்ல வேண்டியதை நமக்காகச் சொல்லிவிடாது. பெண்மக்களைப் பெற்ற தந்தையரை நான் கேட்டுக்கொள்வது இது: கடன் இருப்பின், வீடு வாங்கும் மகளிடம் மணத்துக்கு முன்பே சொல்லுங்கள். வாய்ச்சொல்லை எழுத்தாக்குங்கள். எழுதியதை எல்லாப் பிள்ளைகளையும் ஒருசேர இருத்திப் படித்துக் காட்டுங்கள். இரகசியத்தைக் காக்கப் பணிக்கப்பட்ட மகனுக்கும் ஒரு சொல்: தந்தையின் மானத்தைக் காப்பதாக எண்ணி உடன்பிறந்தாளின் நம்பிக்கையைச் செலவிடாதீர்கள், அது எளிதில் திரும்பி வருவதன்று.

இன்று அவ்வளவில் மீண்டும் இரு வீடுகள் நிற்கின்றன. நடுவில் வேலி இல்லை. இரு அடுக்களைகளிலிருந்தும் எழும் ஓசை வீதி வரை கேட்கிறது. வெள்ளிக்கிழமைகளில் ராத்தா எனக்கு இன்றும் உணவிடுகிறார். அப்போது, எனக்குத் தெரியாதது ஏதும் உண்டா தம்பி என்று சிரித்தபடி கேட்பார். அச்சிரிப்பில் சிறிது முள்ளும் உண்டு. அதைத் தாங்கிக்கொள்வது என் கடன்.