படகுக்குப் பிரேக் இல்லை!

ஏரியூர்ப் பக்கத்தில் நாகமரை, ஒட்டனூர் என்று இரண்டு படகுத் துறைகள் உண்டு. நாகமரையில் ஏறினால் அக்கரையில் பண்ணவாடி. ஒட்டனூரில் ஏறினால் அக்கரையில் கோட்டையூர். இக்கரை தருமபுரி மாவட்டம். அக்கரை சேலம் மாவட்டம். நடுவில் காவிரி. தரை வழியாகப் போவதென்றால் மேட்டூரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால் ஆட்கள் மட்டும் அல்ல, மோட்டார் சைக்கிள்களும் படகில் ஏறிவிடுகின்றன!

நீங்கள் அப்படி ஒரு படகில் போய்க்கொண்டு இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே இன்னொரு படகு வருகிறது. நேருக்கு நேர் வருகிறது. வழியோ குறுகல். எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும்?

"இடது பக்கம்" என்று உடனே சொல்வீர்கள். ரோட்டில் அதுதான் சரி. தண்ணீரில் அது தவறு. இரண்டு படகுகளும் தத்தம் வலது பக்கம் ஒதுங்க வேண்டும். அப்போது ஒருவருடைய இடது தோளை மற்றவருடைய இடது தோள் தாண்டிப் போகும்.

இது உலகம் முழுவதற்கும் பொதுவான வழக்கம். கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருப்பதற்காக 1972-ல் நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. 1977-ல் அது அமலுக்கு வந்தது. குறுகிய வழியில் போகும் கப்பல் தன் வலது கரையை ஒட்டியே போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. கடலுக்கு எழுதிய விதிதான். ஆனால் ஆற்றில் போகிறவர்களும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒருவர் வலது பக்கமும் மற்றவர் இடது பக்கமும் ஒதுங்கினால் என்ன ஆகும்? இருவரும் ஒரே இடத்தில் சந்திப்பார்கள்!

கடல் போன்ற ஏரியில் குறுகல் எங்கே?

"மேட்டூர் ஏரி கடல் மாதிரி கிடக்கிறதே, அங்கே குறுகல் ஏது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

மேட்டூர் அணை 1934-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி திறக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 120 அடி. அது நிறைந்தால் ஏறக்குறைய 59 சதுர மைல் பரப்புக்குத் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீருக்கு அடியில் பழைய ஊர்கள் இருக்கின்றன. நீர்மட்டம் இறங்க இறங்க அவை தலை காட்டும். பண்ணவாடிப் பக்கம் மாதா கோவில் கோபுரமும், ஜலகண்டேசுவரர் கோவில் நந்தியும் வெளியே தெரியும். அதைப் பார்க்கக் கூட்டம் கூடுவதும் உண்டு.

பார்க்கிறவர்களுக்கு அது அதிசயம். படகு ஓட்டுகிறவர்களுக்கு எச்சரிக்கை. கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஒரு முழம் ஆழத்தில் முழுகிக் கிடக்கும் சுவரும், பாறையும், மரக்கட்டையும் தெரிவதில்லை. தண்ணீர் பரந்து கிடந்தாலும் படகு போகக்கூடிய வழி நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிவிடும். போன மாதம் போன வழி இந்த மாதம் இருக்காது.

யார் வழி விடுவது?

பெரியவர் விட வேண்டுமா? சின்னவர் விட வேண்டுமா? தண்ணீரில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: ஒதுங்க முடிந்தவர் ஒதுங்க வேண்டும்.

படகுக்குப் பிரேக் இல்லை. எஞ்சினை நிறுத்தினாலும் அது நிற்காது, போய்க்கொண்டே இருக்கும். ஆள் ஏறினால் இன்னும் அதிக தூரம் போகும். ஆழம் உள்ள நடு வழியை விட்டால் தரை தட்டிவிடும் என்ற நிலையில் ஒரு பெரிய படகு வந்தால், எங்கேயும் மிதக்கக்கூடிய சிறிய படகு அதற்கு வழி விட வேண்டும். வழியின் குறுக்கே போகிறவரும் காத்திருக்க வேண்டும். மீன் பிடிக்கிறவர் வலையை வழியின் நடுவே விரிக்கக்கூடாது. இவை எல்லாம் மேலே சொன்ன ஒப்பந்தத்தில் உள்ளவை.

நீரோட்டத்தோடு வருகிற படகின் நிலைமை இன்னும் மோசம். ஓட்டுகிறவர் நிறுத்த நினைத்தாலும் ஆறு விடாது. அதனால் அமெரிக்காவில் மிசிசிப்பி போன்ற ஆறுகளில், ஆற்றோடு இறங்கி வரும் கப்பலுக்கே முதல் உரிமை. எதிர்த்து ஏறுகிறவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும்.

வளைவில் எதிரே வருவது தெரியாது. அங்கே கப்பல்கள் ஒரு நீண்ட சங்கு ஊதும். எதிரே யாராவது இருந்தால் அவரும் ஒரு நீண்ட சங்கு ஊதிப் பதில் சொல்வார். பரிசலில் சங்குக்கு எங்கே போவது? குரல்தான் சங்கு! ஒகேனக்கல்லில் பாறைகளுக்கு இடையே போகும்போது பரிசல்காரர் குரல் கொடுத்தால், அதை வேடிக்கை என்று நினைத்து நாமும் கூடவே கத்தக்கூடாது. எதிர்க்குரல் அவர் காதில் விழ வேண்டும்.

தண்ணீர் இழுக்கும்!

இரண்டு படகுகள் பக்கத்தில் பக்கத்தில் வேகமாகப் போனால் இன்னோர் ஆபத்து உண்டு. இடையில் உள்ள தண்ணீர் விரைந்து ஓடும். அங்கே அழுத்தம் குறையும். படகுகள் ஒன்றை ஒன்று இழுக்கும்!

நம்ப முடியவில்லையா? டைட்டானிக் கப்பலைத் தெரியாதவர் இல்லை. அதற்கு மூத்தது ஒலிம்பிக். 1911-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு குறுகிய கடல் வழியில் அது போய்க்கொண்டு இருந்தது. பக்கத்தில் ஹாக் என்ற போர்க் கப்பல் வந்தது. பெரிய கப்பலின் ஓட்டத்தால் தண்ணீர் இழுக்க, ஹாக் திரும்பி ஒலிம்பிக்கின் பக்கவாட்டில் மோதியது. யாரும் சாகவில்லை. அன்று ஒலிம்பிக்கின் கேப்டன் யார் தெரியுமா? அடுத்த ஆண்டு டைட்டானிக்கோடு முழுகிய அதே ஸ்மித்!

ஆகவே ஒரு படகை முந்தும்போது வேகத்தைக் குறைத்து, தள்ளிப் போக வேண்டும். அந்தப் படகு பரிசலாக இருந்தால் இன்னும் மெதுவாகப் போக வேண்டும். பரிசல் வட்டமானது. அடி தட்டையானது. மோட்டார் படகு கிளப்பும் அலை பக்கவாட்டில் அடித்தால் பரிசலின் விளிம்பு தாழ்ந்து தண்ணீர் உள்ளே வரும்.

நாமும் படகின் பாரம்தான்

ஓட்டுகிறவர் எல்லாம் சரியாகச் செய்தாலும் ஏறுகிறவர்கள் கெடுத்துவிடலாம். 2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அதில் அளவுக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். படகின் அமைப்பிலும் குறை இருந்தது. கரையில் விலங்குகளைக் கண்டதும் பலர் ஒரே பக்கமாக நகர்ந்தார்கள். 2011-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உல்லாசமாகப் பொழுது போக்க வந்த குடும்பத்தார் அவர்கள்.

எதிரே படகு வரும்போது எழுந்து பார்க்காதீர்கள். கையை விளிம்புக்கு வெளியே நீட்டாதீர்கள். இரண்டு படகுகள் உரசினால் முதலில் நசுங்குவது விரல்தான். செல்போனில் படம் எடுக்க எல்லோரும் ஒரு பக்கம் சாயாதீர்கள். மோட்டார் சைக்கிளோடு ஏறினால் அதன் மேல் உட்காராதீர்கள். இறங்கிக் கீழே உட்காருங்கள். பாரம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ, படகு அவ்வளவு நிலையாக இருக்கும்.

ஒகேனக்கல்லில் நீர்வரத்து அதிகமானால் மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டத் தடை போடும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, ஒரே ஒரு சுற்று" என்று பரிசல்காரரை வற்புறுத்துகிறவர்கள் உண்டு. கூட ஐம்பதோ நூறோ தருவதாகவும் ஆசை காட்டுவார்கள். அவர் இசைந்துவிட்டால் கெட்டது இருவருக்கும்தான்.

உயிர் காக்கும் மேலுடையைப் படகில் ஏறும் முன்பே கரையில் நின்று அணிய வேண்டும். மடியில் வைத்துக்கொண்டால் உதவாது. குழந்தைக்குக் குழந்தை அளவு உடையையே கேட்டு வாங்குங்கள். பெரியவர் உடையை மாட்டிவிட்டால், தண்ணீரில் விழுந்ததும் உடை மேலே மிதக்கும். குழந்தை கீழே நழுவிவிடும். உடையை மாட்டி, கொக்கிகளைப் பூட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். உடை காதுக்கு மேலே ஏறினால் அது அந்தக் குழந்தைக்கு ஆகாது. வேறு உடை கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள்.